நுரையீரலாக நடித்த வருஷம்

சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறையிலிருந்து கோபாலபுரம் சோதனைச்சாவடிக்குப் போகும் வழியில் இருந்தது எங்கள் ஊர். தெற்கே நெல்லியாம்பதி மலை, கிழக்கே பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்புகள். வாய்க்காலில் தண்ணீர் வரும் மாதங்களில் நெல், வராத மாதங்களில் நிலக்கடலை. வீட்டில் கொங்குத் தமிழ், பஸ்ஸில் மலையாளம், சந்தையில் இரண்டும். 1956இல் கேரள மாநிலம் உருவானபோது அதற்குள் வந்த தமிழ்க் கிராமங்களில் எங்களுடையதும் ஒன்று. பள்ளிக்கூடம் தமிழ் மீடியம். அரசாங்கம் சொல்ல வேண்டிய சேதியெல்லாம் வந்தது மலையாளத்தில்.

ஆரம்ப சுகாதார நிலையத்தின் சுவரில் நீல எழுத்தில் ஏதேதோ எழுதியிருப்பார்கள். அம்மாவுக்கு மலையாளம் தண்ணீர்பட்ட பாடு, ஆனால் பேச மட்டும்தான். எழுத்து தெரியாது. அம்மாயிக்கு எந்த எழுத்தும் தெரியாது. மருந்து வாங்க வரிசையில் நிற்கும்போது அம்மாயி அந்தச் சுவரில்தான் சாய்ந்து உட்கார்வாள். அவள் உடம்பைப் பற்றி அவளுக்குச் சொல்ல வேண்டியது அத்தனையும் அவள் முதுகுக்குப் பின்னால் எழுதியிருந்தது.

அந்த ஊருக்குக் கலாஜாத்தா வந்தது 1980களின் நடுவில், நான் நாலாவதோ ஐந்தாவதோ படித்துக்கொண்டிருந்தபோது. கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற பெயரை அன்றைக்குத்தான் முதலில் கேட்டேன். 1962இல் கோழிக்கோட்டில், அறிவியலை மக்கள் மொழியில் எழுதவேண்டும் என்று கூடிய எழுத்தாளர்கள் தொடங்கிய அமைப்பு அது. எழுத்து மட்டும் போதாது, படிக்காத சனங்களிடம் பாட்டாகவும் கூத்தாகவும்தான் போகவேண்டும் என்று கண்டுகொண்டு, 1980இல் முதல் கலாஜாத்தாவைக் கிளப்பினார்கள். காந்தி பிறந்த அக்டோபர் 2இல் புறப்பட்டு, சி.வி. ராமன் பிறந்த நவம்பர் 7இல் முடியும் பயணம். இதெல்லாம் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டவை. அன்று நான் கண்டது புழுதியோடு வந்து நின்ற ஒரு வண்டியையும், அதிலிருந்து இறங்கிய சாதாரண மனுஷர்களையும்தான். வாத்தியார், ஆபீஸ் குமாஸ்தா, காலேஜ் பையன் என்று பார்த்தாலே சொல்லிவிடலாம். நடிகர் என்று சொல்ல ஒருவரும் இல்லை.

மேடை கிடையாது, திரை கிடையாது, மைக்கும் கிடையாது. பள்ளி மைதானத்து வேப்பமரத்தடியில் வட்டமாகச் சனம் நின்றது, நடுவில் ஆட்டம். சங்கீத சில்பம் என்று அவர்கள் சொன்ன வகை என்னை அப்படியே பிடித்துக்கொண்டது. ஒருபக்கம் நாலைந்து பேர் நின்று பாடுவார்கள், பாட்டின் ஒவ்வொரு அடிக்கும் மற்றவர்கள் உடம்பாலேயே வீடாகவும் கிணறாகவும் ஆஸ்பத்திரியாகவும் உருமாறி நிற்பார்கள். இடையில் துள்ளல். எங்கள் மாவட்டத்துக் கிள்ளிக்குறிச்சிமங்கலத்தில் பிறந்த குஞ்சன் நம்பியார் 18ஆம் நூற்றாண்டில் ராஜாவையும் உத்தியோகஸ்தரையும் பரிகாசம் பண்ண எடுத்துக்கொண்ட அதே ஓட்டன் துள்ளலில், கலர் தண்ணீரைச் சத்து டானிக் என்று விற்பவனைப் பற்றிப் பாடினார்கள். டானிக் பாட்டில் வாங்கும் காசில் எத்தனை முட்டை வாங்கலாம், எத்தனை படி பச்சைப்பயறு வாங்கலாம் என்று கேட்டார் துள்ளல்காரர். சனம் சிரித்தது. அப்பாரு மட்டும் சிரிக்காமல் விரல் மடக்கிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

ஆட்டம் முடிந்ததும் மாலை வேண்டாம், டீ போதும், எங்களுக்கு மரியாதை செய்ய நினைத்தால் புத்தகம் வாங்குங்கள் என்றார்கள். அந்தப் புத்தக விற்பனையில்தான் அவர்களுடைய ஜாத்தா நடந்தது. எங்கள் மாஷ் பை நிறைய வாங்கினார். அதோடு எங்களுடைய வருஷமே மாறியது.

மாஷ் என்று நான் சொல்வது எங்களுக்கு அறிவியல் எடுத்த வாத்தியாரை. ஒற்றப்பாலம் பக்கத்து மலையாளி. தமிழைப் பேசக் கற்றுக்கொண்டே எங்களுக்குப் பாடம் எடுத்தார். கலாஜாத்தா போன வாரமே எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "அவரு வந்து ஆடிட்டுப் போயாச்சு. இனி நம்ம ஆட்டம் எப்போ?" என்று கேட்டார். எதைப் பற்றி ஆடுவது என்று பேச்சு வந்தபோது அவர் எங்கள் கால்களைப் பார்த்தார். வகுப்பில் ஒருவர் காலிலும் செருப்பு இல்லை.

கொக்கிப்புழு என்று கரும்பலகையில் எழுதினார். அதன் வழியைச் சொன்னார். அந்தக் கதையைக் கேட்டபோது உண்டான வியப்பு இன்னும் என்னிடம் இருக்கிறது. காட்டுப்பக்கம் ஒதுங்கும் ஆளின் மலத்தோடு முட்டை மண்ணில் விழுகிறது. நிழலும் ஈரமும் சூடும் உள்ள மண்ணில் ஓரிரு நாளில் பொரிந்து, ஒரு வாரம் பத்து நாளில் ஆளைப் பிடிக்கும் பருவத்துக்கு வருகிறது. வெறுங்காலோடு நடப்பவனின் விரலிடுக்கில் துளைத்து நுழைகிறது. நுழைந்த இடத்தில் அரிப்பு, நாங்கள் சேற்றுப்புண் என்று நினைத்துச் சொறியும் அரிப்பு. அங்கிருந்து ரத்தத்தில் ஏறி, இதயம் வழியாக நுரையீரலுக்குப் போய், மூச்சுக்குழலில் ஊர்ந்து தொண்டைக்கு வருகிறது. அதை நாம் அறியாமல் விழுங்குகிறோம். குடலுக்குப் போய்க் கொக்கி போட்டுக்கொண்டு வருஷக்கணக்கில் ரத்தம் உறிஞ்சுகிறது. ஒரு புழு ஒரு நாளில் உறிஞ்சுவது ஒரு சொட்டு அளவுதான். நூறு புழு இருந்தால்? மாஷ் கேட்டுவிட்டு நிறுத்தினார். கணக்கில் நாங்கள் கெட்டிக்காரர்கள் இல்லை, ஆனாலும் அந்தக் கணக்கு எல்லோருக்கும் வந்தது.

"படம் வரைஞ்சா நாளைக்கு மறக்கும். உடம்புக்குள்ள நீங்களே போயி நிக்கணும்," என்றார் மாஷ். உறுப்புகளைப் பங்கிட்டார். வகுப்பிலேயே உயரமான பையன் கொக்கிப்புழு மகாராஜா. நீளச் சாக்கை உடம்பில் சுற்றி, ஈர்க்குச்சியை வளைத்துப் பல் கட்டினோம். சிவப்புத் துணியைக் கையில் பிடித்துச் சங்கிலியாக ஓடும் ஐந்து பெண் பிள்ளைகள் ரத்தம். தகரட்டின்னைத் தட்டிக்கொண்டு ஒரே இடத்தில் குதிப்பவன் இதயம். இரண்டு பையன்கள் கைகோத்து வளைவாக நின்றால் தொண்டை. பழைய சேலையைப் போர்த்திக்கொண்டு வளைந்து வளைந்து உட்கார்ந்த கூட்டம் குடல். நான் நுரையீரல். இரண்டு கையிலும் இரண்டு முறம், மூச்சை இழுக்கும்போது விரிக்கவேண்டும், விடும்போது மூடவேண்டும். புழு என்னைக் கடக்கும்போது இருமவேண்டும். "ஏனுங் மாஷ், நுரையீரல் பேசுமுங்களா?" என்று கேட்டேன். "பேசும். மூச்சு விட்டுட்டே பேசும்," என்றார்.

நாடகத்துக்கு உருவம் கொடுத்தது எங்கள் மண்தான். பாலக்காட்டுக் கிராமங்களில் பொறாட்டு நாடகம் என்று ஒன்று உண்டு. மலையாளமும் தமிழும் கலந்த பாட்டு, ராத்திரி முழுக்க ஆட்டம். அதில் சோத்யக்காரன் என்று ஒருவன் மேடையிலேயே நிற்பான். வருகிற வேஷத்தையெல்லாம் நிறுத்தி, நீ யார், எங்கிருந்து வருகிறாய், இங்கே உனக்கென்ன வேலை என்று குடைந்து குடைந்து கேட்பான். தமிழ்நாட்டுத் தெருக்கூத்தின் கட்டியங்காரன் செய்கிற வேலைக்குப் பக்கத்தில் வரும் வேலை. மாஷ் அந்தச் சோத்யக்காரனை எங்கள் நாடகத்துக்குள் கொண்டுவந்தார். புழு ராஜா விரலிடுக்கில் நுழையும்போதும், நுரையீரலில் நிற்கும்போதும், குடலில் கொக்கி போடும்போதும் அவன் குறுக்கே வந்து கேட்பான். ராஜா பாட்டில் பதில் சொல்லவேண்டும். மேடையில் ஒருவரும் புத்தி சொல்லவில்லை. புழு தன் வாயாலேயே தன் ரகசியத்தையெல்லாம் சொல்லி முடித்துவிடும்.

வசனத்தை மாஷ் மலையாளத்தில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். ஒரு தடவை படித்துக் காட்டினார். பிறகு காகிதத்தை மடித்துப் பையில் வைத்துவிட்டு, "இனி உங்க வீட்டுல எப்படிப் பேசுவாங்களோ அப்படிச் சொல்லு," என்றார். அங்கேதான் நாடகம் எங்களுடையதாயிற்று. சோகை என்று அவர் எழுதியதை ஒரு பெண், "வெளுத்துப் போயி, நாலடி நடந்தா மேமூச்சு கீமூச்சு வாங்குமுங்க," என்று மாற்றினாள். ரத்தக்குறைவு உள்ளவர்களுக்கு மண், சாம்பல், பச்சரிசி தின்னும் ஆசை வரும் என்று மாஷ் சொன்னதும் வகுப்பு அமைதியாகிவிட்டது. எல்லோர் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தார். அந்த வரியைக் குடலின் வாயில் வைத்தோம்.

ஒத்திகை மதியக் கஞ்சிக்குப் பிறகு நடக்கும். கஞ்சியும் பயறும் வாங்கத் தட்டோடு வரிசையில் நிற்கும்போதே புழு ராஜாவின் பாட்டு தொடங்கிவிடும். கஞ்சிக்கு முன்னால் சோப்புப் போட்டுக் கை கழுவுவதற்கென்று ஒரு பாட்டுக் கட்டினோம். பாட்டு முடியும்வரை கையைத் தேய்க்கவேண்டும், பாதியில் நிறுத்தினால் பின்னால் நிற்பவன் திரும்ப முதலடியிலிருந்து ஆரம்பிப்பான். அதட்டல் இல்லை, பிரம்பு இல்லை. பாட்டுக்கு ஒரு நீளம் இருந்தது, அந்த நீளத்துக்குக் கை சுத்தமாயிற்று.

நாடகத்தை மாரியம்மன் கோயில் திடலில் போட்டோம். கடலைக்காட்டு வேலை முடிந்து பெண்கள் குளித்து வரட்டும் என்று பெட்ரோமாக்ஸ் ஏற்றி வைத்துக் காத்திருந்தோம். புழு ராஜா கால்விரலிடுக்கில் நுழைந்தபோது முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்கள் தங்கள் காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டார்கள். நான் முறத்தை விரித்து மூடிக்கொண்டே அதைப் பார்த்தேன். ஒரு சுவரெழுத்தும் அந்தக் கால்களை அசைத்ததில்லை. குடல் தன் வரியைச் சொன்னபோது, கூட்டத்தில் இருந்த என் சின்னம்மா தலையைக் குனிந்துகொண்டாள். வீட்டுப் பின்சுவரின் மண்ணைச் சுரண்டித் தின்பவள் அவள். எல்லோருக்கும் தெரியும். தின்னாதே என்று அடித்திருக்கிறார்கள், மந்திரித்திருக்கிறார்கள்.

மறுநாள் காலையில் அம்மா சின்னம்மாவை வெளிச்சத்தில் நிறுத்தி, நாடகத்தில் நாங்கள் செய்து காட்டியபடியே கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். உள்ளே சிவப்பே இல்லை. அன்றைக்கே இரண்டு பேரும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனார்கள். ரத்தம் சோதித்துப் பூச்சி மருந்தும், மாதக்கணக்கில் சாப்பிட இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுக்கும், பயப்படவேண்டாம், சாப்பாட்டோடு டீ குடித்தால் இரும்பு உடம்பில் சேராது, நெல்லிக்காய் தின்றால் நன்றாகச் சேரும் என்று நர்ஸ் சேச்சி சொன்னதை அம்மா வந்து எங்களிடம் ஒப்பித்தாள். நாங்கள் அதையும் அடுத்த ஆட்டத்தில் சேர்த்தோம். சின்னம்மா அந்த வருஷத்துக்குள் தேறினாள். அவள் மண் தின்றது கெட்ட பழக்கத்தால் இல்லை, நோயால் என்று வீடு ஒப்புக்கொண்டதுதான் எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது. அவளை யாரும் பிறகு திட்டவில்லை.

கோடை விடுமுறைக்குப் பெரியம்மா வீட்டுக்குப் போவோம். அவள் வாழ்க்கைப்பட்டது தேவிகுளம் தாலுகாவில் ஒரு தேயிலை எஸ்டேட்டுக்கு. பாலக்காட்டிலிருந்து இடுக்கிக்குப் போக நாங்கள் கேரளத்தை விட்டு வெளியேறி, பொள்ளாச்சி, உடுமலை கடந்து, சின்னாறு சோதனைச்சாவடியில் மறுபடி கேரளத்துக்குள் நுழையவேண்டும். அமராவதி தாண்டியதும் காடு. மறையூரில் கரும்புப்பாகு காயும் வாசம். அப்புறம் குளிரும் தேயிலையும். அந்த மலையிலும் எங்களைப் போலவே ஒரு சனம். வீட்டில் தமிழ், ஆபீஸில் வேறு பாஷை. திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம் பக்கமிருந்து தலைமுறைகளுக்கு முன் கங்காணிகள் கூட்டிவந்த குடும்பங்கள், வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகள், காலையில் மஸ்டர், சாயங்காலம் கொழுந்து எடை.

1951ஆம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டம் எஸ்டேட்டுக்கு ஆஸ்பத்திரி வேண்டும், பள்ளிக்கூடம் வேண்டும், பெண் தொழிலாளர் ஐம்பது பேரோ அதற்கு மேலோ இருந்தால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இடம் வேண்டும் என்று சொன்னது. எங்கள் பெரியம்மா எஸ்டேட்டில் எல்லாம் இருந்தது. ஆனாலும் மழைக்காலம் வந்தால் வயிற்றுப்போக்கில் பிள்ளைகள் துவண்டுபோவார்கள். தண்ணீர் குடித்தால் இன்னும் போகும் என்று சொல்லித் தண்ணீரை நிறுத்திவிடுவார்கள் வீட்டுப் பெரியவர்கள். அன்போடு செய்த காரியம் அது, பிள்ளையின் உயிருக்கு ஆபத்தான காரியமும் அதுதான்.

அதற்குள் மாஷ் எங்களுக்கு உப்புச் சர்க்கரைத் தண்ணீர் நாடகம் கற்றுக்கொடுத்திருந்தார். அதை நான் மலைக்கு எடுத்துக்கொண்டு போனேன். லயத்துப் பிள்ளைகளைச் சேர்த்துப் பாட்டைச் சொல்லிக்கொடுத்தேன்.

ஒத்த லிட்டர் தண்ணி காய்ச்சி ஆற வையி ஆத்தா
ஒழுங்கா ஆறு டீஸ்பூனு சக்கரை போடு ஆத்தா
தலை தட்டி அரை ஸ்பூனு உப்புப் போடு ஆத்தா
கண்ணீருக்கு மேல கரிச்சாக் கீழ ஊத்து ஆத்தா

நாங்களே கட்டிய அடிகள் அவை. அளவு மட்டும் டாக்டர்களுடையது. ஒரு லிட்டருக்குத் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, நாக்கில் வைத்தால் கண்ணீரைவிட உப்பு கூடக்கூடாது. லயத்தில் டீஸ்பூன் இருந்த வீடு குறைவு. கரண்டிதான் இருந்தது, அதுவும் வீட்டுக்கு ஒரு அளவு. பிள்ளைகள் அதற்கு ஒரு வழி கண்டார்கள். எஸ்டேட் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டரிடம் போய் மருந்து அளக்கும் ஸ்பூனை வாங்கிவந்து, ஒவ்வொரு வீட்டிலும் எந்தப் பாத்திரம் ஒரு லிட்டர் பிடிக்கும், எந்தக் கரண்டியில் எவ்வளவு என்று அளந்து, பாத்திரத்தின் வெளிப்புறம் ஆணியால் கோடு கிழித்துவைத்தார்கள். நாடகத்தில் அதுவே ஒரு காட்சியாயிற்று. சோத்யக்காரனுக்குப் பதிலாக அங்கே கங்காணி வேஷம் கட்டிய பையன் வந்து, சட்டியை எடை போட்டு, "அளவு சரியில்ல, சீட்டுல கழிச்சிருவேன்," என்று அதட்டினான். கொழுந்து எடையில் தினமும் அதைக் கேட்டு வந்த பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே அளவு மனசில் தங்கிவிட்டது.

கொக்கிப்புழு நாடகத்தையும் அவர்கள் விடவில்லை. மலைக்காட்டில் அட்டை அதிகம். எனவே புழு ராஜாவுக்கு அட்டை என்று ஒரு தம்பி வந்து சேர்ந்தான். அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வார்கள். "நான் கடிச்சா ரத்தம் தெரியும், பிடுங்கிப் போட்டுருவாங்க. உன்னயத்தான் அண்ணே ஒருத்தருக்கும் தெரியல," என்பான் தம்பி. கண்ணுக்குத் தெரிகிற எதிரியைவிடத் தெரியாதவன் மோசம் என்று அந்தப் பிள்ளைகள் எவ்வளவு சுருக்கமாகச் சொல்லிவிட்டார்கள்!

அந்தக் கொக்கிப்புழுவுக்கும் இந்த மலைக்கும் பழைய கணக்கு உண்டு என்பதைப் பெரியவளான பிறகு படித்தேன். இடுக்கி அன்று திருவிதாங்கூர் ராஜ்யம். 1928இல் அந்த அரசு ராக்ஃபெல்லர் அறக்கட்டளையை அழைத்தது. டாக்டர் டபிள்யு.பி. ஜேகாக்ஸ் வந்து கொக்கிப்புழுவைப் பற்றி ஆராய்ந்து, பொதுச் சுகாதார வேலைக்கு அடித்தளம் போட்டார். படவிளக்கு வைத்துத் திரையில் படம் காட்டிச் சொற்பொழிவு செய்வது அப்போதே அந்த வேலையில் ஒரு பகுதி. ஆக, கூட்டத்தைக் கூட்டி, இருட்டில் வெளிச்சம் காட்டி, புழுவின் கதையைச் சொல்வது எங்களுக்கு முன்பே இந்த மண்ணில் நடந்திருக்கிறது. அன்று சனம் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. எங்கள் காலத்தில் பிள்ளைகளே புழுவாகவும் குடலாகவும் எழுந்து நின்றார்கள். அந்த வித்தியாசத்தை நான் பெரிதாக நினைக்கிறேன்.

நாங்கள் பெயர் தெரியாமல் செய்ததை உலகத்தில் பலர் பெயர் வைத்துச் செய்துகொண்டிருந்தார்கள். 1979 சர்வதேசக் குழந்தைகள் ஆண்டை ஒட்டி லண்டனில் டேவிட் மோர்லி என்ற குழந்தை மருத்துவரும் ஹியூ ஹாஸ் என்ற கல்வியாளரும் குழந்தையிலிருந்து குழந்தைக்கு என்றொரு திட்டத்தைத் தொடங்கினார்கள். ஏழை நாடுகளில் தங்கச்சி தம்பியை வளர்ப்பவர்கள் அக்கா அண்ணன்கள்தான், எனவே ஆரோக்கியம் பற்றி அவர்களுக்குப் பாட்டிலும் விளையாட்டிலும் நாடகத்திலும் சொல்லிக்கொடுத்தால் வீட்டுக்குள் போய்ச் சேரும் என்பது அவர்களுடைய எண்ணம். ஒரு முனையில் சர்க்கரைக்கும் மறு முனையில் உப்புக்கும் குழி வைத்த பிளாஸ்டிக் ஸ்பூன் மோர்லியின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. எங்கள் லயத்துப் பிள்ளைகள் ஆணியால் கிழித்த கோடு எனக்கு அதைப் படித்தபோது ஞாபகம் வந்தது. 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில் டாக்டர் திலீப் மஹலானபிஸ் வாய்வழி உப்புக் கரைசலால் காலராவில் சாகக் கிடந்தவர்களை மீட்டார். பிறகு வங்கதேசத்தில் பிராக் அமைப்பின் பெண்கள் 1980களில் வீடுவீடாகப் போய், ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம் என்று விரலாலேயே அளவு சொல்லிக்கொடுத்தார்கள். சர்க்கரை இல்லாத வீட்டிலும் வெல்லம் இருந்தது. மறையூர்ப் பிள்ளைகளுக்குச் சொன்னால் அவர்களுக்கு இது சட்டென்று விளங்கும்.

1987இல் பரிஷத்தின் வழியைப் பின்பற்றி பாரத் ஜன விஞ்ஞான ஜாத்தா நாட்டின் வெவ்வேறு மூலைகளிலிருந்து கிளம்பி, விஷவாயு கக்கிய போபாலில் போய்ச் சேர்ந்தது. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் தமிழ்ப் பாட்டுகளோடு அதில் பங்கெடுத்தது. அதற்குப் பின்வந்த அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தின் காலத்தில் தமிழ்நாட்டுக் கிராமங்களெல்லாம் வீதி நாடகம் கண்டன. எல்லைக்கு இந்தப் பக்கம் மலையாளப் பாட்டு, அந்தப் பக்கம் தமிழ்ப் பாட்டு என்று இருந்த இரண்டு ஓடைக்கும் நடுவில் நாங்கள் இருந்தோம். பாலக்காட்டு முண்டூரில் பரிஷத் தொடங்கிய கிராமத் தொழில்நுட்ப மையம் புகை குறைந்த அடுப்பை ஊர் ஊராகப் பரப்பியபோது, எங்கள் ஊரில் அதற்கும் ஒரு நாடகம் போட்டோம். அடுப்புப் புகையில் கண் கலங்கி இருமும் அம்மா வேஷத்தில் நடிக்கப் பிள்ளைகளுக்கு ஒத்திகையே தேவைப்படவில்லை.

இவ்வளவையும் நான் ஆசையாக நினைத்துப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. எல்லையோரத்தில் சுவரெழுத்து இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அட்டப்பாடியில் 2013இல் பச்சிளங்குழந்தைகள் அடுத்தடுத்து இறந்து நாடே திரும்பிப் பார்த்தது. ஊர்களில் சமூகச் சமையலறைகள் வந்தன, திட்டங்கள் வந்தன. அங்கே இருளர் பேசும் மொழி தமிழுக்கு நெருங்கிய சொந்தம். தவிலும் கொகாலும் பொறையும் முழங்காத விசேஷம் அந்த ஊர்களில் கிடையாது. அந்த மண்ணிலிருந்து வந்த நஞ்சியம்மா தன் மொழியில் பாடிய பாட்டுக்கு 2022இல் தேசிய விருது அறிவித்தார்கள். தன் பாட்டால் ஒரு தேசத்தையே கேட்கவைக்க முடிந்த சனத்துக்கு, கேழ்வரகும் சாமையும் கீரையும் கர்ப்பிணிக்கு ஏன் வேண்டும், அரிவாள் செல் சோகை என்றால் என்ன என்பதை அச்சடித்த காகிதத்தில் வேற்று மொழியில் கொடுப்பது எப்படிச் சரியாகும்? 2010இல் கேரளத்தின் முதல் பழங்குடிப் பஞ்சாயத்தாக ஆன இடமலக்குடியின் முதுவான் பிள்ளைகளுக்கும் இதே கேள்வி பொருந்தும்.

2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாள் என்று வைத்துப் பள்ளியிலேயே மாத்திரை கொடுக்கிறார்கள். மிக நல்ல காரியம். மாத்திரை உள்ளே இருக்கிற புழுவைக் கொல்லும், அடுத்த வாரம் வெறுங்காலோடு நடக்கும் பிள்ளையின் விரலிடுக்கைக் காக்காது. அதற்குக் கதை தெரியவேண்டும். புதிய கதைகளும் காத்திருக்கின்றன. போடிமெட்டும் கம்பம்மெட்டும் ஏறித் தினமும் ஜீப்பில் வரும் பெண்கள் ஏலத்தோட்டத்தில் மருந்து வாடையோடு வேலை செய்து, அதே கையோடு சோற்றைப் பிசைகிறார்கள். முதலமடை மாந்தோப்புகளிலும் மருந்தடிக்கிற பருவம் உண்டு. டெங்குக் கொசு ரப்பர் சிரட்டையில் முட்டையிடுகிறது. சாராயம் வீட்டை என்ன செய்கிறது என்பதைப் பிள்ளைகளைவிட நன்றாக அறிந்தவர் இல்லை. இத்தனைக்கும் ஒரு சோத்யக்காரன் வேண்டும்.

கேரளப் பள்ளிகளில் 1957இல் தொடங்கிய கலோல்சவம் இன்று மாபெரும் திருவிழா. அதில் நாடகத்துக்கு இடம் இருக்கிறது, தமிழில் கவிதை சொல்லவும் இடம் இருக்கிறது. அது பரிசுக்கான மேடை. நான் கேட்பது கோயில் திடலில், லயத்து முற்றத்தில், ஊர் மூப்பன் வீட்டு வாசலில் நடக்கும் மேடையை. அதற்குப் பணம் வேண்டாம். இரண்டு முறமும் ஒரு சாக்கும் போதும்.

எல்லையோரப் பள்ளிகளில் வேலை செய்யும் ஆசிரியர்களுக்கும், சுகாதாரத் துறையின் நர்ஸ்களுக்கும், ஆஷா பணியாளர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். வாரத்தில் ஒரு மணி நேரத்தைப் பிள்ளைகளின் நாடகத்துக்கு ஒதுக்குங்கள். நோயின் வழியையும் மருந்தின் அளவையும் நீங்கள் சரிபார்த்துக் கொடுங்கள், அதில் ஒரு இம்மியும் பிசகக்கூடாது. வசனத்தைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள். அவர்கள் வீட்டில் பேசும் தமிழிலோ இருள மொழியிலோ முதுவான் மொழியிலோ அவர்களே சொல்லட்டும். பார்க்க அம்மாக்களைக் கூப்பிடுங்கள், அவர்கள் வேலை முடிந்து வரும்வரை காத்திருங்கள். நோட்டீஸ் அடிக்கிற செலவில் ஒரு பங்கு இதற்குப் போதும்.